லட்சம் இல்லலே, பத்துதான்

மாப்ள,

இனி நான் சொல்லப்போகும் கதையை ராஜபாளையத்தில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நம்பாவிட்டாலும் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிற ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தன் இருந்தான். போன ஐப்பசியில் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் நீதான் என்பதால், மறுத்துப் பேச ஆள் இல்லாத துணிச்சலில், நெஞ்சில் கை வைத்து அறிவிக்கிறேன்: பின்வருவன அனைத்தும் சத்தியம்.

நேற்றுச் சாயங்காலம் என் வீட்டிலிருந்து எழுந்த புகை சஞ்சீவி மலையை மறைத்துவிட்டது. தெரு நாய்களெல்லாம் குரைப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தன. இந்த இடத்தில் நீ என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்திருப்பாய். சரி, இறங்கி வருகிறேன். ஊதுபத்தி அளவுக்குப் புகை. அதுகூட இல்லை, வெறும் வாடை. என் தங்கச்சி மகள் எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் கம்பி செருகிச் சர்க்யூட் கட்டும் பிரெட்போர்டைப் பரப்பி, என் இன்வெர்ட்டர் பட்டறையிலிருந்து தூக்கிவந்த பவர் சப்ளையை மாட்டி, சின்ன அலையைப் பெருக்கிக் காட்டும் ஒரு ஆப்-ஆம்ப் ஐ.சி.யைத் திசை மாற்றிச் செருகியிருக்கிறாள். எட்டுக் கால் வைத்த அந்தச் சின்னக் கறுப்பு வில்லை கருகும் வாடை உனக்குத் தெரியாததா? அது மூக்கில் ஏறியதும், பழக்கதோஷம், பக்கத்து நாற்காலியில் நீ இருக்கிறாயா என்று திரும்பிப் பார்த்தேன்.

"மாமா, முத ஐ.சி. செத்துருச்சு. ரெண்டாவது உசுரோடதான் இருக்கு. ஆனா என்ன குடுத்தாலும் பதினோரு வோல்ட்டுல போயி ஒட்டிக்கிடுது. குடுக்கதையே நிறுத்தினாலும் எறங்க மாட்டேங்கு."

குனிந்து பார்த்தேன். இரண்டாம் காலுக்குப் போக வேண்டிய கம்பி மூன்றாம் காலுக்குப் போயிருந்தது. மைனஸுக்குப் போக வேண்டியது ப்ளஸுக்கு. மாப்ள, உலகத்தில் எனக்கு முழுமையாகத் தெரிந்த ஒரே நோய் அதுதான். ஏனென்றால் அதைக் கண்டுபிடித்தவனே நான். ப்ளஸ் என்று ஒரு கால் இருக்கும்போது மைனஸைத் தேடிப் போவானா மானமுள்ள மனுஷன் என்று கல்லூரி லேபில் ஒருநாள் உன்னிடம் கேட்டேன். கம்பியைப் பிடுங்கி மைனஸில் செருகினாய்.

நீ பேசமாட்டாய். அதுதான் உன் பெருமை, அதுதான் உன் ஆபத்து. என்னிடம் மட்டும் பேசுவாய், அதுவும் திட்டுவதற்காக. புது ஆள் ஒருத்தர் முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்டால் உன் தொண்டைக்குள் யாரோ ஷட்டரை இழுத்து மூடிவிடுவார்கள். ஆனால் கைகள் இருந்தனவே, அப்பப்பா! கல்லூரி லேபில் இருந்த ஐ.சி.களில் பாதி, நம் தாத்தாமார் காலத்திலேயே மோட்சம் போனவை. எல்லோரும் பதினைந்து கம்பிகளைச் செருகிவிட்டு, வேலை செய்யாமல், எந்தக் கம்பியில் பிழை என்று மத்தியானம் வரை தேடுவார்கள். நீ மட்டும் முதலில் ஒரே ஒரு கம்பியைச் செருகுவாய். ஆறாம் காலிலிருந்து இரண்டாம் காலுக்கு. மூன்றாம் காலில் ஒரு அலையைக் கொடுத்துவிட்டு, அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் அதே அலை அதே உயரத்தில் வருகிறதா என்று பார்ப்பாய். வந்தால்தான் அடுத்த வேலை.

"இது என்னலே வேலை? குடுத்ததையே திருப்பி வாங்க எதுக்கு ஒரு ஐ.சி.?" என்று நக்கலடித்தேன்.

"கேட்டதைக் கேட்டபடி சொல்லுதானான்னு முதல்ல பாக்கணும்லே. அது தெரிஞ்சவன்தான் கூட்டிச் சொல்ல லாயக்கு. நீயெல்லாம் இந்த டெஸ்ட்டுலயே ஃபெயிலு."

உண்மைதான். காலையில் ராஜபாளையத்தில் கல்லூரி பஸ்ஸில் ஏறும் நான், நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவதற்குள் ஒரு கதையைப் பாதி வளர்த்திருப்பேன். நீ வந்து பக்கத்தில் உட்காருவாய். ஒருநாள் சேத்தூர் சித்தப்பா வீட்டுக் காளை ஒரே முட்டில் லாரியைக் கவிழ்த்த வரலாறு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றது பஸ். "அப்புறம், அப்புறம்?" என்றார் டிரைவரும். அவர்கள் கேட்கக் கேட்க லாரி இரண்டாகி, இரண்டிலும் சிமெண்டு லோடு ஏறி, காளைக்கு இறக்கை முளைக்கும் தறுவாயில் சட்டை பின்னால் இழுபட்டது.

"லாரின்னா, மினி லாரி" என்றேன்.

இன்னொரு இழுப்பு.

"சைக்கிள்."

இன்னொன்று.

"சைக்கிள் அதுபாட்டுக்கு விழுந்துச்சு. காளை பக்கத்துல நின்னுச்சு. போதுமாலே?"

பஸ்ஸே சிரித்தது. லாரி கவிழ்ந்ததற்கு இல்லாத சிரிப்பு, சைக்கிள் விழுந்ததற்கு. கதையில் இழுப்புதான் ருசி என்பது இப்போது தெரிகிறது. அப்போது உன்னைக் கொல்லலாம் போலிருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. லீனியர் ஐ.சி. லேப் பரீட்சை, உனக்கு இரண்டாம் தடவை. முதல் தடவை உன் சர்க்யூட் அட்சரம் பிசகாமல் ஓடியது. வாய்மொழியாகக் கேள்வி கேட்கும் வைவாவில் நீ ஒரு எழுத்தும் உதிர்க்காததால், பக்கத்து மேஜைக்காரன் கட்டிக்கொடுத்த சர்க்யூட் என்று முடிவுகட்டி ஃபெயில் போட்டுவிட்டார்கள். ஓசூர் கம்பெனி ஒன்றின் வேலை ஆர்டர் உன் பெட்டிக்குள் இருந்தது. அரியர் ஒன்றுகூட இல்லாமல் வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். உன் அப்பா மில்லில் இருந்தவர், அவரும் உன்னைப் போலவே சுருக்கமானவர். "இந்தத் தடவையும் வாயைத் திறக்கலைன்னா, திங்கக்கெழம எங்கூட ஷிப்டுக்கு வந்துரு" என்றாராம். அதை நீ பஸ்ஸில் என்னிடம் சொன்னபோது, சட்டையை இழுக்கிற அந்தக் கை அன்றைக்கு எதையும் இழுக்கவில்லை. எனக்கும் அதே அரியர்தான். என் அரியர்களை மொத்தமாகக் குவித்தால் மேற்கு மலைத்தொடரை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்பதால் எனக்குக் கவலையில்லை.

அன்றைக்குக் குலுக்கலில் இருவருக்கும் ஒரே சர்க்யூட். பத்து மடங்கு பெருக்கித் தலைகீழாகக் காட்டும் ஆம்ப்ளிஃபையர். உன் மேஜையில் அலை பத்து மடங்காக நின்றது. பக்கத்து மேஜையில் என்னுடையது, மேற்சொன்ன என் சொந்தக் கண்டுபிடிப்பின்படி, பதினோரு வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டு ஊருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தது.

பரீட்சை வாங்க வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எட்டடி உயரம். சரி, ஆறு. மீசை மட்டும் எட்டு. உன் முன்னால் வந்து நின்றார்.

"கெயின் எவ்வளவு தம்பி? எத்தனை மடங்கு பெருக்குது?"

நீ ஸ்கோப்பையே பார்த்தாய்.

"இந்த ரெசிஸ்டர் எதுக்கு?"

உன் விரல் அந்த ரெசிஸ்டரைத் தொட்டது. சத்தம் வரவில்லை. லேபில் மின்விசிறி நின்றது, காற்று நின்றது, ஆண்டாள் கோயில் கோபுரம் ஜன்னல் பக்கம் குனிந்து காது கொடுத்தது. எக்ஸ்டர்னல் பெருமூச்சு விட்டார். "வேற யாராவது கட்டித் தந்தாங்களா?" என்றபடி பேனா மூடியைத் திறந்தார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார்! அவன் ஆம்ப்ளிஃபையரு லட்சம் மடங்கு பெருக்கும் சார்! நானே பாத்தேன்! கொசு இருமுனா கிருஷ்ணன்கோவில் வரைக்கும் கேக்கும்!"

விசுக்கென்று திரும்பினாய். உன் கை என் சட்டையைத் தேடியது. மேஜைகளுக்கு நடுவே தூரம், எட்டவில்லை. கை எட்டாத இடத்துக்கு முதல்முறையாகக் குரல் வந்தது.

"லட்சம் இல்லலே, பத்துதான்! வாயை மூடு!"

எக்ஸ்டர்னலின் பேனா நின்றது. "அப்ப அவன் சொல்ற லட்சம் எங்கேருந்து வருது?"

நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து, என்னைத் திட்டிக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னாய்.

"ஐ.சி.ய சும்மா விட்டா லட்சத்துக்கு மேலயும் பெருக்கும்லே, யாரு இல்லேன்னா? ஆனா அதை வச்சி என்ன செய்ய? தும்முனாலே போயி உச்சியில முட்டிக்கிடும். சப்ளை பன்னெண்டு வோல்ட்டு, அதைத் தாண்டி எங்க போவ? அதுக்குத்தான் வெளிய வாரதுல ஒரு பங்கை எடுத்து மைனஸுக்குத் திருப்பி விடுதோம். அது பிடிச்சி இழுக்கும். லட்சம் போயிரும், ஆனா பத்துன்னா எப்பவும் பத்து. ஐ.சி.ய மாத்திப் போட்டாலும் பத்து. நீ ப்ளஸுல குடுத்திருக்க பாரு, அது இழுக்காது, தள்ளி விடும். பஸ்ஸுல எல்லாவனும் அப்புறம் அப்புறம்னு ஒன்னையத் தள்ளி விடுதானுவள்ள, அந்த மாதிரி! போயி ஒட்டிக்கிட்டு நிக்கி பாரு, ஓம் மூஞ்சி மாதிரி!"

எக்ஸ்டர்னல் என் ஸ்கோப்பைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். ஒற்றுமை அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கேள்வி, அதற்கடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் என் முகத்தில் வந்து விழுந்தது. எர்த் கம்பியில் கட்டாமலே அந்த இரண்டாம் கால் எப்படி எர்த் போலவே பூஜ்ய வோல்ட்டில் நிற்கிறது என்பதை நீ விளக்கியபோது, அடுத்த வகுப்பின் ஆசிரியர் வாசலில் நின்று கேட்டார். கடைசியில் எக்ஸ்டர்னல் உன் தோளில் தட்டி, "ஓசூர்ல போயும் இவனைப் பக்கத்துலயே வச்சுக்கோப்பா" என்றார். நீ பாஸ். நான் ஃபெயில். அடுத்த தடவை நான் பாஸானபோது ஊரில் யாரும் நம்பவில்லை. உன் அப்பா மட்டும் ஒரு கிலோ பால்கோவாவோடு வந்து, திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

ஓசூரில் நீ பெரிய ஆளானாய். ஊருக்கு வரும்போதெல்லாம் என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, வாடிக்கையாளரிடம் நான் பேட்டரியின் ஆயுளைச் சொல்லும்போது பின்னால் இழுப்பாய். "ஏழு வருசம் வரும்ணே" என்று தொடங்கி மூன்றில் முடிப்பேன். அந்த மூன்றை நம்பித்தான் இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள்.

உன் காரியத்தன்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன். ஓசூர் ஃபேக்டரியையே நீ ஒரு ஹேர்பின்னால் ரிப்பேர் செய்தாய் என்றேன். அழுதுகொண்டே எல்லோரும் நம்பினார்கள். வெளிநாட்டுக்காரன் காலில் விழுந்தான் என்றேன். அதையும் நம்பினார்கள். "அப்புறம்?" என்றார் ஒரு பெரியவர். அப்புறம் எனக்குப் போக இடமில்லை, மாப்ள. உச்சியில் முட்டி நின்றேன். கை தானாகப் பின்னால் போய்ச் சட்டையைத் தொட்டுப் பார்த்தது. அங்கே கை எதுவும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

நேற்றுத் தங்கச்சி மகளின் கம்பியை மைனஸுக்கு மாற்றினேன். பதினொன்று இறங்கி, அரை வோல்ட் கொடுத்தால் ஐந்து, பத்து மடங்கு என்று நின்றது. பிறகு அவளுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன்; கோபுரம் குனிந்ததிலிருந்து எக்ஸ்டர்னலின் எட்டடி மீசை வரை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா, இதுல எம்புட்டு நெசம்?"

வாய் திறந்தது. முழுசும் என்று சொல்லவே திறந்தது. அப்போது பின்கழுத்தில் சட்டை லேசாக இறுகியது, மாப்ள. நாற்காலி ஆணியில் மாட்டியிருக்கலாம்.

அவளிடம் ஒத்துக்கொண்டதையே உனக்கும் எழுதுகிறேன்: கோபுரம் குனியவில்லை. மீசை சாதாரண மீசை. உன்னைக் காப்பாற்றத் திட்டம் போட்டுத்தான் லட்சம் என்றேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேனே, அதுவும் இல்லை. நீ வாயடைத்து நிற்பதைப் பார்க்க முடியாமல் ஏதோ உளறினேன். சட்டை இறுகியதைக்கூடச் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நீ பேசினாய். அந்த ஒன்றை மட்டும் கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருக்கிறேன்.