உமாதேவிக்கு மட்டும்

ஜனவரி 5, திங்கள்

இன்றைய வாசனைக் கலவையும் சரியில்லை. தாளில் நன்றாக இருக்கிறது. என் மணிக்கட்டில் மதியத்துக்குள் செத்துவிடுகிறது.

உமாதேவி அம்மாள் கோயம்புத்தூரில் நூற்பாலை நடத்துகிறவர். அவர் கேட்டது, உலகத்தில் வேறு யார் மேலும் இருக்கக் கூடாத ஒரு வாசனை. ஸ்பிரிட் இல்லாமல், எண்ணெயில். “லிஃப்ட்ல நான் இறங்கிப் போன பொறகும், வந்தது நான்தான்னு தெரியோணுங்க.”

என் பெயரைச் சொல்லி வந்த முதல் வேலை. இது பிடித்துப்போனால் கம்பம் ஊரில், இந்த மாடியறையிலேயே இருப்பேன். இல்லாவிட்டால் பெங்களூர். அங்கே ஒரு வாசனைக் கம்பெனியில் வேலை. மென்பொருளே வாடிக்கையாளரிடம் பத்துக் கேள்வி கேட்டுக் கலவையைச் சொல்லிவிடும். நான் அளந்து ஊற்றினால் போதும். பிப்ரவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். பதில் எழுதவில்லை.

மென்பொருளைவிட நான் எதில் மேல்? நானும் கேள்விதானே கேட்கிறேன்.

ஜனவரி 7, புதன்

வந்துவிட்டது.

வறுத்த ஏலக்காய்த் தோல். கசக்கிய திராட்சை இலை. அடியில் கஞ்சி போட்ட புதுப் பருத்தி – உமாதேவி அம்மாள் ஆலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறியது, அதற்காக.

குப்பியில் ஊற்றி, ‘உமாதேவிக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டினேன். மிச்சம் ஒரு சின்னக் குப்பியில். வெயிலில் கெடுகிறதா என்று பார்க்க ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 10, சனி

தைக்கக் கொடுத்த சுடிதாரை வாங்கப் போனேன். தையல்கடை உமர் பாருக் மாமா துணியை எடுக்கக் குனிந்தார். அவர் கழுத்திலிருந்து – என் கலவை.

வெளியே வந்தால் பழக்கடைக்காரர் மேலும் அதே.

அத்தாதான். நேற்று ஜும்மாவுக்குச் சின்னக் குப்பியை எடுத்துப் போயிருக்கிறார்.

“ஜன்னல்ல சும்மா கெடந்துச்சு. தொட்டுப் பாத்தேன், நல்லாருந்துச்சு. அத்தரக் கையில வச்சுக்கிட்டு நான் மட்டும் பூசிட்டு உக்காரவா? பக்கத்துல இருக்குறவுக என்ன நெனப்பாக?”

“எத்தனை பேருக்குத் தடவுனீங்க?”

“வரிசையில இருந்தவுகளுக்கு. பின் வரிசையில சில பேரு கைய நீட்டுனாக.”

அம்மா அடுப்படியிலிருந்து, “எம் மக கண்டுபிடிச்சதுன்னு வேற சொல்லியிருக்காக. பெருமை தாங்கல.”

விளக்கினேன். ஒருவருக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டது. வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. அத்தா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாசத்த எப்படிம்மா பூட்டி வைக்கிறது?”

ஊருக்குள் இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றேன். “சரிம்மா. ஊருக்குள்ள யாருக்கும் இல்ல.” குப்பியைத் தனக்கென்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிடுங்க மனம் வரவில்லை.

ஒன்று. மாமா மேல் ஏலக்காய் தூக்கலாக இருந்தது. பழக்கடைக்காரர் மேல் இலை மட்டும். கோபத்திலும் இதைக் கவனித்திருக்கிறேன். என்ன மனுஷி நான்?

ஜனவரி 12, திங்கள்

உமாதேவி அம்மாளிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஜனவரி 15, வியாழன்

நாளை வருகிறாராம், தேக்கடி போகிற வழியில். தெருத் தெருவாக மோந்து பார்த்துக்கொண்டு நடந்தேன், நாய் மாதிரி. எங்கும் பொங்கல் புகைதான். கொஞ்சம் நிம்மதி.

ஜனவரி 16, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் உட்கார முடியும்.

பதினோரு மணிக்கு வந்தார். மாடியேறினார். மணிக்கட்டில் தொட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். “எப்படிக் கண்ணு தெரிஞ்சுது உனக்கு?” என்றார். ஆலை திறக்கும் நேரத்தில் தன் அப்பாவோடு உள்ளே நடந்ததைச் சொன்னார். இன்னும் சில பேரை அனுப்புவதாகவும் சொன்னார். குப்பியைப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வாசலில் டிரைவர் விஜய்ராஜ் கார்க் கதவைத் திறந்தார்.

அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

“விஜய்ராஜ், கையக் காட்டு.”

காட்டினார். பக்கத்தில் அத்தா, ஜும்மாவுக்குக் கிளம்பிய வெள்ளைச் சட்டையில், சிரித்த முகத்தோடு. “தம்பி ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறாப்லன்னு நான்தான் தடவி விட்டேன். வாங்கம்மா, சாப்ட்டுப் போகலாம்.”

“தேக்கடி வரைக்கும் ரெண்டு பேரும் இதே வாசத்துலதான் போகோணுமா?” என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சத்தம் போடவில்லை. தலைப்பைப் பிரித்துக் குப்பியை எடுத்துக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்தார். டிரைவர் கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே ஏறினார். நான் பார்க்க முடியாமல் பார்த்தது அதைத்தான்.

அத்தா மெதுவாக, “வெளியூர்த் தம்பிதானேம்மா...”

ஜனவரி 18, ஞாயிறு

அத்தாவிடம் பேசவில்லை. அவரும் என்னிடம் பேசவில்லை. சின்னக் குப்பி என் மேசையில் திரும்ப வந்து இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறார்.

பெங்களூருக்கு ‘வருகிறேன்’ என்று எழுதினேன். அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை?

அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தனக்கென்று ஒன்று வேண்டும் என்பது தப்பா? எனக்கும் அதுதானே வேண்டியிருக்கிறது – என் பெயர், என் அறை.

ஜனவரி 24, சனி

உமர் பாருக் மாமா வந்தார், மகள் ஹுஸ்னாவோடு. ஏப்ரலில் அவளுக்கு நிக்காஹ்.

“அன்னைக்கு அத்தா தடவுனாகளே, அது மாதிரி ஒண்ணு வேணும்மா. மண்டபத்துக்கு வர்றவுக எல்லாருக்கும் தடவணும்.”

“அதையே தரவா?”

“அது எதுக்கு? அது ஊரே மோந்துபாத்த வாசம். இவளுக்குன்னு வேற போடு. இன்னொரு கல்யாணத்துல இது மணக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. எல்லாருக்கும் தடவ வேண்டும். ஆனால் இவளுடையதாக மட்டும் இருக்க வேண்டும். பத்துக் கேள்வியில் எதில் இதை அடைப்பது?

ஹுஸ்னாவை உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தேன். எந்த வாசனைக்குத் தூக்கம் வரும்? எதற்கு எரிச்சல்? அவள், “என்னக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கூட இவ்வளவு கேக்கல.”

பிறகு சொன்னாள். தன் அத்தாவின் தையல்கடையில் இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் படும் அந்த நேரம். ஏப்ரலுக்கு அப்புறம் அது இருக்காதே என்றாள். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 2, திங்கள்

பெங்களூரில் இன்று சேர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணிச் சூடு இன்னும் பிடிபடவில்லை. கரி வருகிறது, ஆவி வரவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

அத்தா ஜும்மாவுக்குக் குளித்துவிட்டு மாடிக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். மேசையைப் பார்த்தார். எதையும் தொடவில்லை.

ஹுஸ்னாவின் குப்பியை நகர்த்தி வைத்தேன். உமாதேவி அம்மாள் சுவர் மேல் வைத்துப் போன குப்பியில் இப்போது பெயர்ச் சீட்டு இல்லை. நேற்றே ஈரத்துணி வைத்து உரித்துவிட்டேன். பசை மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. குப்பியை அத்தாவிடம் நீட்டினேன்.

“உள்ளூரா, வெளியூரா?” என்றார்.

“யாருக்கு வேணும்னாலும் தடவுங்கத்தா.”