நோன்பு மாதத்தில் வேலை தேடிய அத்தாவுக்கு

அத்தா,

இன்று காலை மகனுடைய சட்டைக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டேன். சூடு பட்டு ஈரம் ஆவியானபோது எழுந்த வாசனை உங்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அவன் வேலை பார்த்த பெங்களூர் கம்பெனி டிசம்பர் பிறந்ததும் ஆட்களைக் குறைத்துவிட்டது. இப்போது திருவாரூரில் எங்களோடுதான் இருக்கிறான். "லீவு நேரம்மா, யாரும் ஆள் எடுக்க மாட்டாங்க" என்கிறான். ஆனாலும் தஞ்சாவூரில் ஓர் இடத்தில் கேட்டுப் பார்க்கக் கிளம்பிப் போயிருக்கிறான்.

உங்களுக்கும் ஒரு மார்கழியில்தான் வேலை போனது. குடவாசல் அரிசி ஆலையில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கணக்குப் பார்த்தவர் நீங்கள். முதலாளி மறைந்ததும், சிங்கப்பூரிலிருந்த பிள்ளைகள் ஆலையை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தன் ஆட்களையும் ஒரு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தார். அந்த வருஷம் நோன்புக்கு நடுவிலேயே பொங்கலும் வந்தது.

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்துத் தொழுதுவிட்டு, வெள்ளைச் சட்டையை நீங்களே தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். சில கடைகளில் "பொங்கல் கழியட்டும் பாய்" என்றார்கள். நம்மவர்கள் கடைகளில் "பெருநாள் முடியட்டும்" என்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. டீ சொல்லவா என்று கேட்டுவிட்டு, நோன்பு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொள்வார்களாம். நோன்பு திறக்கும்போது அதை மட்டும் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். ஒருநாள், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, "உங்க வயசுக்கு இனிமே விசா கஷ்டம் மச்சான்" என்றார். அன்று நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தீர்கள்.

போகிக்கு முந்தின நாள், நான் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸின் சர்டிபிகேட்டை வாங்க இருவரும் திருவாரூர் போனோம். "வழியில ஒரு இடம் பாத்துட்டுப் போயிடுவோம்" என்றீர்கள். புதிதாகத் திறந்த மோட்டார் சைக்கிள் ஷோரூம் அது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீங்கள் செருப்பைக் கழற்றப் போக, வாட்ச்மேன் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

மேனேஜர் உங்களைவிட மிகவும் இளையவர். எழுந்து நின்றுதான் பேசினார்.

"கணக்குல உங்களுக்கு அனுபவம் நிறைய இருக்கு பாய். கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாது."

அவர் சங்கடத்தோடு மேஜையைப் பார்த்தார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "என் மகளுக்குத் தெரியும். பி.காம். முடிச்சிருக்கு" என்றீர்கள்.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டச் சொன்னார். ஏற்றினேன். இன்னொன்று கொடுத்தார். அதையும் ஏற்றினேன். "பொங்கல் கழிச்சு வந்து சேந்துடுங்கம்மா" என்றார். எல்லோரும் சொன்ன அதே பொங்கல்தான். ஆனால் இவர் வரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். வெளியே சம்பா அறுப்புக்குத் தயாராகச் சாய்ந்து கிடந்தது.

"அத்தா, அது நீங்க கேக்கப் போன வேலை."

"வீட்டுக்கு ஒரு வேலை வேணும்னு போனோம். கெடச்சிருக்கு. அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

அதற்குப் பிறகு ஊர் வரும்வரை நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை.

வாசலிலேயே அம்மாவிடம், "ஷோரூம்ல வேல கெடச்சிருக்கு, கம்ப்யூட்டர்ல" என்றேன். "யாருக்கு?" என்றாள்.

"நமக்கு" என்றீர்கள்.

விஷயம் தெரிந்ததும் மாமா கோபப்பட்டார். "கல்யாணம் பண்ண வேண்டிய புள்ளைய வண்டிக் கடையில உக்கார வைக்கிறீங்களே மச்சான்?"

"அது படிச்ச படிப்புக்கு வேலைக்குப் போவுது. நீங்க கஞ்சி குடிங்க."

பெருநாளன்று விருந்தாளிகளெல்லாம் போன பிறகு, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டீர்கள்: "அந்தக் கம்ப்யூட்டர எனக்கும் சொல்லித் தருவியா?" மேனேஜரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களை ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துவீர்கள். எழுத்துகளை ஏன் இப்படிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கோபம் வரும். குறுவை நெல் வீட்டுக்கு வரும் சமயத்தில், நன்னிலத்தில் ஓர் உரக்கடையில் உங்களுக்கும் வேலை கிடைத்தது. கண் மங்கும்வரை அங்கேதான் இருந்தீர்கள்.

நீங்கள் போய்ப் பல வருஷமாகிவிட்டது அத்தா. நேற்று மாமா பெண் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "உன் மகனுக்கு வேல போயிடுச்சாமே, தேடிக்கிட்டிருக்கானா?" என்று கேட்டாள். மகன் பக்கத்து அறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஆமா" என்றேன். "நாங்க தேடிக்கிட்டிருக்கோம்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.