தலைமாட்டுக் கயிறு

கில்லின்,
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை

என் ராசா ஸ்ட்ரூவனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், சினை ஆடுகளும் சுகம். அங்கே கியூபெக்கில் நீயும் மருமகள் மிரேயும் இன்னும் முகம் காட்டாத அந்தக் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் மணி அடித்தாலே உன் அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுகிறார், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு எனக்கும் பேச்சு வருவதில்லை, அதனால்தான் காகிதம். மலை உச்சியில் பனி இன்னும் கரையவில்லை, என் முழங்கால் வலி அப்படியேதான். மிரேயைப் பளு தூக்க விடாதே. காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடு, சர்க்கரை போடாதே, உப்புப் போடு. முகம் சுளிப்பாள், சுளிக்கட்டும், நீ கொடு.

பிள்ளைக்கு மிரேயின் குடும்பப் பெயரைத்தான் வைக்கப்போகிறோம், கான்யோன் என்றுதான் பதியப்போகிறோம் என்று நீ கிறிஸ்துமஸ் அன்று சொன்னாய். மெக்ரெகர் என்கிற பேரு உன்னோட முடிஞ்சதுன்னு சொல்லிவிட்டு உன் அப்பா போனை வைத்தார், வைத்தவர் வைத்தவர்தான். ஒரே பிள்ளை, அவனோடும் பேச்சில்லை என்றால் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது சொல். பேரன் பிறந்து, தாத்தா முகமே தெரியாமல் வளர்ந்துவிடுவானோ என்ற பயம் என்னை அரித்து எடுத்துவிட்டது. மே மாதம் நான் தனியாகவாவது போகிறேன் என்றேன், போ என்றார். அவ்வளவுதான். எனக்கு நீங்கள் செய்வதில் ஒரு குறையும் தெரியவில்லை. நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார், கட்டிக்கொண்டு வந்தவள் ஆயுசு முழுக்கச் சமைத்துப் போட்டாலும் கல்லில் அவள் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் வெட்டுகிறார்கள். எனக்கும் மெக்டியர்மிட் என்றுதான் வெட்டுவார்கள். பெண் செத்த பிறகு திருப்பிக் கொடுக்கிற பெயரை அவள் பெற்ற பிள்ளைக்குப் பிறக்கும்போதே கொடுத்தால் எந்தக் குடி முழுகிவிடும் என்று கேட்டேன். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எதிர்க்கரைப் பண்ணை லாக்லன் கேம்பல் போன வாரம் போய்விட்டார். கல்யாணமும் இல்லை காட்சியும் இல்லை, அக்கா எஃபியோடு அந்த வீட்டிலேயே இருந்து காலத்தை முடித்துவிட்டார். உனக்கு மிட்டாய் கொடுத்துக் கொடுத்துப் பல்லைக் கெடுத்தவர், அழுதேன். அவரும் உன் அப்பாவும் ஆட்டுச் சந்தையில் பார்த்துக்கொண்டால் போதும், ஆரம்பித்துவிடும் கச்சேரி. நம் பெயரைச் சொன்னாலே தலை போகும் என்று ராஜா சட்டம் போட்டிருந்த காலத்தில் மெக்ரெகர் வம்சத்துக்காரர்கள் ஆளுக்கொரு பெயருக்குள் ஒளிந்துகொண்ட கதை உனக்குத் தெரியாததா, தொட்டிலிலேயே கேட்டாயே. கிராண்ட் என்று சிலர், மரே என்று சிலர், லாக்லனின் முன்னோர் போயும் போயும் நம்மை வேட்டையாடிய கேம்பல்களின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய நம் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படி வேறு பெயரோடுதான் போயிருப்பார்கள், திரும்பி மாறாமலே அங்கே பெருகியும் இருப்பார்கள். சட்டம் போன பிறகும் லாக்லன் வீட்டார் மாறவில்லை. இரவல் வாங்கின கோட்டு இன்னும் திருப்பிக் கொடுக்கலையா கேம்பல் என்று உன் அப்பா சீண்டுவார். மழையில காப்பாத்தின கோட்டுய்யா, வெயில் வந்ததும் வீசிட மாட்டேன், உன் பாட்டன் பூட்டன் மட்டும் என்ன, அஞ்சு தலைமுறை ட்ரம்மண்டுன்னு சொல்லித்தானே பொழைச்சாங்க என்று லாக்லன் திருப்பிக் கொடுப்பார். அதைக் கேட்டால் மட்டும் உன் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிடும்.

அடக்கத்துக்கு முந்தின நாள் சவப்பெட்டிக் கடைக்காரர் வந்து கயிற்றுச் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியின் படம், அதைக் குழிக்குள் இறக்கச் சுற்றிலும் எட்டுக் கயிறு, யாருக்கு எந்தக் கயிறு என்று நம்பர். பார்த்தால் உன் அப்பா பெயருக்கு நேரே ஒன்றாம் நம்பர். தலைமாடு! பெற்ற பிள்ளை நிற்கிற இடம், பிள்ளை இல்லாவிட்டால் ரத்தத்தில் நெருங்கினவன் நிற்கிற இடம். உன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, இவங்களுக்கு ஒரு வேலை உருப்படியாத் தெரியாது, கால்மாட்டுல நிக்க வேண்டியவன் நான், ஒரு கேம்பலுக்கு நான் தலைமாட்டுல நின்னா ஊர் சிரிக்காதா என்று சத்தம் போட்டுக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுக்க எஃபி வீட்டுக்குக் கிளம்பினார். எனக்குப் பயம், துக்க வீட்டில் போய் ஏதாவது உளறிவைக்கப் போகிறாரே என்று நானும் பின்னாலேயே ஓடினேன். எஃபி டீயை ஊற்றி வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

“தப்பு ஒண்ணும் நடக்கலை அலஸ்டர். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அவனே சொன்னது. நம்ம ரத்தத்துல இந்த ஊர்ல மிச்சம் இருக்கிற ஆம்பளை அந்த வாயாடி ஒருத்தன்தான், அவன் என் தலைமாட்டுல நிக்கட்டும்னான். பேரு வேறயாச்சேடான்னேன். பேரு பொழைக்கறதுக்குப் போட்டுக்கிட்டது எஃபி, குழிக்குள்ள அது எதுக்குன்னான்.”

உன் அப்பா சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். டீயைக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல காற்று, போதகரின் ஜெபம் பாதி ஆற்றுப் பக்கம் பறந்துபோய்விட்டது. பெட்டியை இறக்கினார்கள், மற்ற ஏழு பேரும் கயிற்றைக் குழிக்குள் விட்டுவிட்டார்கள், உன் அப்பா மட்டும் விடவில்லை. பிடித்துக்கொண்டே நிற்கிறார், போதகரும் காத்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் நான் போய் முழங்கையைத் தொட்டேன், அப்புறம்தான் விட்டார். அடக்கம் முடிந்ததும் ஓட்டலில் இறைச்சி அப்பமும் விஸ்கியும் வைத்திருந்தார்கள். கசாப்புக் கடை ராய்க்குத்தான் சும்மா இருக்க முடியாதே, என்ன அலஸ்டர், கடைசியில கேம்பலுக்குப் பிள்ளையாயிட்டியா என்று கேட்டான். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். உன் அப்பா நிதானமாக, அவன் கேம்பல்னா நான் ட்ரம்மண்டுடா, ஊத்து என்று கிளாஸை நீட்டினார். என் காதால் கேட்டேன் ஸ்ட்ரூவன், கட்டிக்கொண்டு இத்தனை காலத்தில் அந்த வாயிலிருந்து ட்ரம்மண்ட் என்ற சொல் வந்ததில்லை.

அப்புறம் இரண்டு நாள் கொட்டகையே கதி என்று கிடந்தார். நேற்று மத்தியானம் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், ஆட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டு அந்தப் பயல் எப்போ பொறக்கிறான் என்றார். மே மாதம் என்றேன். கான்யோனேதானா என்றார். கான்யோனேதான் என்றேன், கத்தியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

“பையனுக்கு எழுதும்போது இதையும் எழுது. என் பெட்டிக்கு ஒண்ணாம் கயிறு அவனோடது. ரெண்டாவது அந்தச் சின்னக் கான்யோனுக்கு. கயித்தைப் பிடிக்கிற அளவுக்கு அவனுக்குக் கை வளர்ற வரைக்கும் நான் சாகறதா இல்லைன்னும் எழுது.”

எழுதிவிட்டேன் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் போன் பண்ணு, நான் எடுக்க மாட்டேன், மணி அடிக்க அடிக்க அடுப்படியிலேயே இருப்பேன். விமானத்துக்கு இரண்டு டிக்கெட் பார்த்துவை. மிரே வயிற்றில் கை வைத்து என் ஆசீர்வாதத்தைச் சொல்லு. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும். கஞ்சிக்கு உப்பு, மறந்துவிடாதே.

உன் பிரியமுள்ள அம்மா,
மார்ஜரி