பக்கத்து நாற்காலிக்கு ஒரு சொல்

என் செல்லத்துக்கு,

மாப்பிள்ளைக்குத் தமிழ் வராது. போனில் 'ஹலோ'வுக்கு மேல் நானும் வாய் திறப்பதில்லை. அதனால் தினம் ஒரு ஆங்கிலச் சொல்லைச் சீட்டில் எழுதி, அந்தந்தப் பொருளிலேயே ஒட்டிப் படிக்கிறேன். கதவில் 'டோர்', கண்ணாடியில் 'மிர்ரர்'. ஆமாம், சித்தி, அத்தை, மாமி எல்லாருமே அங்கே ஆன்ட்டிதானாமே? கூப்பிட்டால் யாரடி திரும்பிப் பார்ப்பார்கள்?

உன் அப்பாவுக்கு மாப்பிள்ளை இன்னும் 'அந்தப் பையன்'தான். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இங்கிலீஷ்?" என்று முணுமுணுப்பார். ஆனாலும் ஒவ்வொரு சீட்டின் முன்னும் நின்று, உதடு அசையப் படித்துவிட்டுத்தான் நகர்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும்.

இன்று காலை சாப்பாட்டு மேசையில், உன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் புதுச் சீட்டு. அப்பாவின் கையெழுத்து: 'சன்-இன்-லா'.

"இது சேர் இல்லையாங்க?" என்றேன்.

பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "தெரியும்" என்றார்.

இப்படிக்கு,
அம்மா