இழை தாங்கிய குரல்

என் அன்புக் கப்பல்காரருக்கு,

நீங்கள் வேறொரு துறைமுகத்தில் கரையேறிவிட்டீர்கள் என்ற செய்தி இன்று காலைதான் வந்தது. கை முறிந்திருக்கிறதாமே? பிடிவாதம் பிடிக்காமல் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். இங்கே மகளுக்குச் சளி விட்டுவிட்டது. உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் திரிகிறாள்.

புயலன்று நடந்ததை நானே உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வானொலி நிலையத்தில் படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவியின் பெரிய கண்ணாடி வால்வுக்குள், பல்பில் இருப்பதுபோல், ஒரு டங்ஸ்டன் இழை உண்டு. அது கனன்றால்தான் என் குரல் கடலுக்குப் போகும். கனலக் கனல ஆவியாகித் தேயும். அன்று கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தபோது, இழையில் ஓரிடம் மட்டும் பளீரென்று தெரிந்தது. அங்கே மெலிந்துவிட்டது, அறுந்துவிடும் என்று அர்த்தம். மாற்று வால்வோ இன்னும் வந்து சேரவில்லை.

அணைத்து ஆறவிடவும் முடியாது. ஆறிய இழையில் மறுபடி மின்சாரம் பாய்ந்தால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் ஆயுள் நீளும். ஆனால் குரல் போகும் தூரமும் குறையும்.

எங்கள் பொறியாளர், அதுதான் நீங்கள் ‘கடுகு’ என்பீர்களே, அவர், அன்று சிடுசிடுக்கவில்லை. “பவரைக் குறைச்சா தூரத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்காதும்மா. உன் வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் கடைசில இருக்காரு. நான் குறைக்கட்டுமா?” என்றார். வேண்டாம் என்று சொல்லி, நானே திருகியைத் திருப்பிக் குறைத்தேன்.

பிறகு பேசத் தொடங்கினேன். வெளியே உலகத்துக் காற்றெல்லாம் சேர்ந்து சுவரை அறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில், துளிக் காற்றும் இல்லாத கண்ணாடிக்குள், அந்த மெல்லிய கம்பி அசையாமல் கனன்றுகொண்டிருந்தது. கட்டடமே அதிர்ந்தது, அது அதிரவில்லை. திரும்பிவிட்டோம் என்று படகுகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடுகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது கம்பி இல்லம்மா...” என்று தொடங்கினார்.

காற்று ஓயும்வரை இழை தாங்கியது. எல்லாரும் வந்துவிட்டார்கள். உங்கள் படகு மட்டும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் உங்கள் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கூட்டினால் இழை அறுந்து குரலே போய்விடும் என்று திருகியை மட்டும் தொடவில்லை.

என் குரல் உங்களுக்குக் கேட்டதா? கேட்கவில்லை என்றால், நான் நொந்துபோவேனென்று மறைக்காமல் அதையே எழுதுங்கள். என் ஆயுளையும் சேர்த்து நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்.

உங்கள்
வானொலிக்காரி