தப்பு விலை

என் ஜெசிந்தாவுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, நீங்கள் யார் என்று கேட்டார். என்ன சொல்வது? சொந்தமில்லை, ஒரே தெருவும் இல்லை. "தெரிஞ்சவ" என்றேன்.

நாம் சந்தித்த ஓட்டல் மாடி நினைவிருக்கிறதா? ஃபியூச்சர்ஸ், அதாவது வரப்போகும் மாதத்து விலைக்கு இன்றே வாங்கி விற்கும் வியாபாரம் பற்றி இலவச வகுப்பு. முடிவில் கட்டண வகுப்புக்குப் படிவம் கொடுத்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நாகல் நகர் வீட்டில் ஒண்டியாகக் கிடந்த எனக்கு எதையாவது கற்றுக்கொள்ளும் வெறி. பக்கத்து நாற்காலியில் என்னைவிடப் பத்து வயது இளையவளாக நீ. படிவத்தை நிரப்ப உன்னிடம் பேனா கேட்டேன்.

"இருக்குக்கா. ஆனா தரமாட்டேன். செத்த நேரம் வெளிய வாங்க."

கீழே டீக்கடையில், "வேணாங்க்கா, இது நமக்கு ஆகாது" என்றாய். நான் கேட்கிற ஆளா? பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் நீயே சொல்லித்தர ஒப்புக்கொண்டாய். ஒரே நிபந்தனை. எதை வாங்குமுன்னும் உனக்குப் போன் செய்து 'தப்பு விலை'யைச் சொல்ல வேண்டும். எந்த விலைக்கு இறங்கினால் என் கணிப்பு தப்பென்று ஒப்புக்கொண்டு வெளியேறுவேனோ, அந்த விலை. ஸ்டாப்லாஸுக்கு நீ வைத்த பெயர் அது.

"ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டா மாத்த மனசு வராதுக்கா."

இரண்டு வருடம் காலைதோறும் சொன்னேன். பிறகு சோற்றுக்கு வெஞ்சனம் என்ன, மூட்டுவலி எப்படி என்று பேச்சு நீளும். வேலை நிறைய உள்ளவளின் நேரத்தைத் தின்கிறோமே என்று கூசுவேன். நீ பெரிய வியாபாரி என்றல்லவா நினைத்திருந்தேன்.

நீ போன பிறகு ஃபியூச்சர்ஸில் மஞ்சள் வாங்கினேன். சொல்ல ஆளில்லை. விலை இறங்க இறங்க, தப்பு விலையையும் இறக்கிக்கொண்டே போனேன். நன்றாகக் கை சுட்ட பிறகுதான் விட்டேன். பணம் போனதைவிட, திட்ட நீ இல்லாததுதான் என்னை அழவைத்தது.

பூசை முடிந்ததும் உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்.

"அவ இந்தத் தொழில விட்டு மூணு வருசமாச்சுக்கா. இதே மாதிரி ஒரு வகுப்புக்குப் போய்த்தான் அம்புட்டுக் காசையும் தொலைச்சா. பெறகு எங்க வகுப்புன்னாலும் போய் உக்காந்திருவா, ஒருத்தரையாச்சும் தடுக்கணும்னு. நீங்க கேக்கல. தனியாப் போய் மாட்டிக்கக் கூடாதேன்னு உங்ககூடவே நின்னுட்டா."

ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா? உன்மேல் கோபம் வருகிறது, ஜெசிந்தா. சண்டை போடக்கூட நீ இல்லை.

வியாபாரக் கணக்கை மூடிவிட்டேன். காலையில் போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

வரும் ஞாயிறு அதே ஓட்டல் மாடியில் இலவச வகுப்பாம். பேப்பருக்குள் நோட்டீஸ் வந்தது. போய் உட்காரப் போகிறேன். பையில் பேனா இருக்கும். யார் கேட்டாலும் தரமாட்டேன்.

உன் நாகல் நகர் அக்கா,
சரசு