உதவாத இரும்பு

மார்ச் 4, செவ்வாய்

காப்பகத்தில் இன்று பதினெட்டுப் பிள்ளைகள். ஆறு பேருக்குச் சளி. காற்றில் வகுப்புக் கதவு இரண்டு தடவை படாரென்று சாத்திக்கொண்டது. எருமையை இன்னும் நன்றாகக் கதவடியில் செருகி வைத்தேன். எருமை என்பது அப்பாவின் துப்பாக்கியில் என் பங்குக்கு வந்த இரும்புத் துண்டு. கறுப்பாக, எந்நேரமும் படுத்தே கிடப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். யாரோ அதற்குச் சிவப்புக் கிரேயானில் இரண்டு கண் வேறு வரைந்திருக்கிறார்கள். திட்ட மனம் வரவில்லை.

அண்ணா போன் செய்தான். துப்பாக்கி உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து அப்பா பெயருக்குக் கடிதமாம். அவர் போய் மூன்று வருடமாகிறது, இப்போதுதான் அவர்களுக்கு விடிந்திருக்கிறது. துப்பாக்கியை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். "நானும் தம்பியும் பாத்துக்கறோம். நீ இதுல தலையிடாத" என்றான்.

நான் எப்போது தலையிட்டேன்?

மார்ச் 5, புதன்

அவன் சொன்னது இன்னும் உறுத்துகிறது. அப்பா இருந்தவரை அந்தத் துப்பாக்கியைத் தூசி தட்டக்கூட என்னை விட்டதில்லை. "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?" அவர் போன மறுமாதமே அண்ணனும் தம்பியும் அதற்காகக் கட்டிப் புரளாத குறை. கடைசியில் அண்ணா தனக்குத் தெரிந்த பட்டறையில் கொடுத்து அதைக் கழற்றிக்கொண்டு வந்தான். குழல் அவனுக்கு. மரக்கட்டையும் விசையும் தம்பிக்கு. நடுவில் மிஞ்சிய இரும்பை என் பக்கம் தள்ளினான். பங்கு பிரித்த சீட்டில் அவன் கையாலேயே எழுதினான்: "உதவாத இரும்பு – தங்கச்சிக்கு." மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் சிரித்துக்கொண்டேதான் போட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

குழல் இப்போது அவன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க அப்பாவோட துப்பாக்கி" என்பான்.

மார்ச் 6, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன். கோடு கோணலாகப் போகிறது, போகட்டும்.

மத்தியானம் தம்பி அந்த அலுவலகத்திலிருந்து பேசினான். குழலையும் கட்டையையும் மேசைமேல் வைத்தார்களாம். அதிகாரி அம்மா பார்த்துவிட்டு, "சரி, துப்பாக்கி எங்க?" என்றாராம்.

"இதுதாங்க துப்பாக்கி" என்றானாம் அண்ணா.

"இது குழல். இது கட்டை. ரெண்டையும் எப்ப வேணாலும் மாத்திக்கலாம். பதிவு நம்பர் அடிச்ச நடு உடம்பு ஒண்ணு இருக்குமே, சட்டத்துக்கு அதுதான் துப்பாக்கி. தனியா கிடந்தாலும் அதுதான். அது யார்கிட்ட இருக்கு?"

இதைச் சொல்லிவிட்டுத் தம்பி என்னைக் கேட்டான்: "அக்கா, அந்த இரும்ப எங்க வச்சிருக்க?"

வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் காலடியில் இருந்தது. எங்கள் வாயாடிக் குட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதற்குப் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஐயோ! மூன்று வருடம்! உரிமமில்லாத துப்பாக்கியைக் குழந்தைகள் காப்பகத்தில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்! சுடாது, தோட்டா போகாது – எல்லாம் சரிதான். ஆனால் அதுதான் துப்பாக்கியாம். வைத்திருந்தவள் நானாம். குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். திரும்பி வந்து அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்தேன். அப்புறம் நானே அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "தொடாதீங்க, தூக்கிட்டு வராதீங்க. நாங்க வர்றோம்" என்றார்கள்.

இதைவிடப் பெரிய அடி வேறு. அண்ணா அங்கே சொன்னதைத் தம்பி மென்று முழுங்கிச் சொன்னான்: "நடுப் பாகத்த தங்கச்சிதாங்க எடுத்துட்டுப் போனா. எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

எடுத்துட்டுப் போனேனா? நானா? கூடப் பிறந்தவன் வாயா இது?

மார்ச் 7, வெள்ளி

உரிம அலுவலகத்து ஜீப் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கையுறை போட்டு எடுத்துப் பையில் வைத்து முத்திரை வைத்தார்கள். "எருமைக்கு ஊசி போடப் போறாங்களா?" என்று குட்டி கேட்டாள்.

பெரிய டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விசாரண முடியற வரைக்கும் வராதம்மா. உம்மேல கேஸ்னு ஆயிட்டா இங்க மட்டுமில்ல, எந்தக் காப்பகத்துலயும் புள்ளைங்க பக்கம் விட மாட்டாங்க." பதினோரு வருடம். எத்தனை மூக்குத் துடைத்திருப்பேன்!

அதிகாரி அம்மா கிளம்பும்போது சொன்னார்: "தெரியாம வச்சிருந்தேன்னு வாயால சொன்னா பத்தாது. எழுத்துல ஏதாவது இருந்தா தேடுங்க."

மார்ச் 8, சனி

பரண், அலமாரி எல்லாம் தேடியாயிற்று, பங்குச் சீட்டைக் காணோம்.

மார்ச் 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது! தையல் பெட்டியின் அடியில், நான்காக மடித்து. பைத்தியக்காரி நான், சந்தோஷப்படுவான் என்று அண்ணாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றான். பிறகு, "அதக் கிழிச்சிடு."

எனக்குப் புரியவில்லை. அவனே புரியவைத்தான். கழற்றியது அவன். உரிமமில்லாத என்னிடம் தள்ளியது அவன். சீட்டு வெளியே வந்தால் மாட்டுவதும் அவன். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, மானம் மரியாதை இருக்கு. உனக்கென்ன, ஒண்டிக்கட்ட. இந்த வேல இல்லன்னா இன்னொண்ணு."

அவன் போனை வைத்த பிறகும் காதில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வேலை போனால் போகட்டுமாம். அதையும் பங்கு பிரித்துவிட்டான்.

கிழிக்கவா? ரத்த பாசம், ரத்த பாசம் என்கிறார்களே, அது எனக்கு மட்டும்தானா?

மார்ச் 11, செவ்வாய்

சீட்டைக் கொடுத்துவிட்டேன். அதிகாரி அம்மா இரண்டு முறை படித்தார். "யார் கையெழுத்து இது?" "எங்க அண்ணாவோடதுங்க." நாக்கு தடுமாறவில்லை.

மார்ச் 20, வியாழன்

தம்பி அந்த அலுவலகத்துக்குப் போய், "மூணு பேரும் கையெழுத்து போட்டோம். அக்காவுக்குத் தள்ளிவிட்டது நாங்கதான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நன்றி சொன்னால், "விடுக்கா, மூணு வருஷம் கழிச்சு சொல்றதுக்கு என்ன நன்றி?" என்கிறான்.

ஏப்ரல் 4, வெள்ளி

என்மேல் வழக்கு இல்லை. இல்லை! மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அண்ணாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. இனி அவனுக்கு உரிமம் கிடையாது. குழலையும் திருப்பித் தரவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இப்போது கடிகாரம் மாட்டியிருக்கிறானாம்.

பங்குச் சீட்டின்படி துப்பாக்கி என்னுடையதாம். உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அது தெரிந்ததும் அண்ணா ஒரு மாதத்தில் முதல் தடவையாகப் பேசினான். "நடந்தது நடந்துபோச்சு. தம்பி பேருக்காவது எழுதிக் குடு. அப்பா ஞாபகம்." அழிக்கத்தான் எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அப்பா தூசி தட்ட விடாத துப்பாக்கி. 'அடையாளங்கள்' என்ற இடத்தில் பதிவு நம்பருக்குக் கீழே குமாஸ்தா எழுதியிருந்தார்: "சிவப்பு வண்ணத்தில் இரண்டு கண்கள்."

ஏப்ரல் 9, புதன்

வேலைக்குப் போனேன். கதவுக்கு ஒரு செங்கல் வைத்திருக்கிறார்கள். குட்டி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"எருமை எங்க டீச்சர்?"

"அனுப்பிட்டேன்மா."

"அது யாரோட எருமை?"

"என்னோடது" என்றேன்.